மூன்றாம் நம்பர்

ஜூலை 2, ஞாயிறு

பாறையடியிடம் 3–1 என்று தோற்றோம். மைதானத்திலிருந்து வீடு வரும் வரை ஆலந்துறைக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, பிளாரன்ஸ் சித்தியைத் தவிர. அம்மாவின் தங்கை. ஜெயித்தாலும் தோற்றாலும் பேசுவாள்.

ஜூனும் ஜூலையும் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அதனால்தான் எங்கள் கடற்கரைப் பங்குகளுக்குள் (ஒரு தேவாலயத்து ஊர் ஒரு பங்கு) கால்பந்துப் போட்டியை ஜூலையில் வைக்கிறார்கள். இந்த வருடம் எங்கள் மைதானத்திலேயே நடக்கிறது. சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கியிருக்கிறோம்.

எனக்குக் கோபம் கில்பர்ட் மாஸ்டர் மீது. பள்ளியில் பி.டி. வாத்தியார், ஊர் அணிக்குக் கோச். பேக் நாலு பேரையும் நடுக்கோடு வரை ஏறி நிற்கச் சொல்கிறார். ஏறி நிற்பது சரி, பந்து தலைக்கு மேலே போனால் திரும்பி ஓட வேண்டாமா? அதுவும் மழைச் சேற்றில்? பாறையடிக்காரர்கள் பந்தைத் தூக்கித் தூக்கிப் பின்னால் போட்டார்கள். மூன்று முறையும் அதே வழி.

அடுத்தது நடுவில் ஆடும் ரோமால்ட் அண்ணன், எட்டாம் நம்பர். வயது முப்பத்தெட்டு. பந்து வந்த பிறகு அதை எங்கே கொடுக்கலாம் என்று யோசிக்கிறார். அவரை அணியிலிருந்து எடுக்க முடியாது. எங்கள் ஊரில் அணித் தேர்வு கோயில் வளாகத்தில் கூட்டம் போட்டு நடக்கும். நான்கு தெருவுக்கும் குறைந்தது இரண்டு பேர் ஆட வேண்டும். அவரை எடுத்தால் நடுத்தெருவுக்கு ஒரு ஆள் குறையும். நடுத்தெரு திருவிழாவுக்குப் பந்தல் போடாது.

மூன்றாவது, கோலி பென்சிகர். பின்னால் நிற்பவன்தான் எல்லாவற்றையும் பார்க்கிறான். அவன் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். சொல்வதே இல்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கல்லூரியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் ‘எஸ் மேடம்’ சொன்னது கேட்காமல் எத்தனையோ முறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் முதல் பட்டம். அதை வைத்து இதுவரை நான் செய்த ஒரே வேலை, பெண்கள் பக்கத்தில் குடைக்குள் உட்கார்ந்து, எந்த நம்பர் எத்தனை முறை பந்தை விட்டார் என்று நோட்டில் கோடு போட்டது.

ஜூலை 3

மழை. அண்ணனுக்கு டீ கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, ‘அண்ணா’ என்றேன். திரும்பவில்லை. நேற்றைய தோல்வி.

ஜூலை 6

நெத்திலி ஆய்ந்தேன். ஐந்து பிள்ளைகளுக்கு டியூஷன். வேலைக்கு இரண்டு விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றில் போட்டோ ஏறவில்லை.

அண்ணன் என்னிடம் கோபமாக இருக்கிறான் என்று நினைக்கிறேன். எழுதினால் தெளியும்.

அவன் பெயர் ததேயுஸ். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பிளஸ் டூவில் மாவட்ட அணிக்கு ஆடினான். அப்பா இறந்த வருடம்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் குருசடிமை முதலாளியின் போட்டில் எஞ்சின் அறைக்குள் இறங்கினான். இப்போது அந்தப் போட்டின் டிரைவர். எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்று வருடமாக வருடத்தில் பத்து மாதம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறான். மிச்ச இரண்டு மாதம் ஊர் அணிக்கு இடது பேக்.

இன்று சாப்பிடும்போது அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, ‘மீன் இன்னும் வைக்கவா?’ என்று கேட்டேன். பதில் இல்லை. இடப்பக்கம் இருந்த அம்மா, ‘ரசம் விடட்டா மக்களே?’ என்றாள். ‘விடு’ என்றான். ஆக என்னிடம் மட்டும்தான்.

நியாயம்தான். படிக்கப் போனது நான்.

ஜூலை 9, ஞாயிறு

வடலித்துறையோடு 2–2. இரண்டு முறை முன்னால் இருந்து, இரண்டு முறையும் கோட்டை விட்டோம்.

பந்தை இழந்த கணக்கு: எட்டாம் நம்பர் பதினான்கு முறை. பதினோராம் நம்பர் ஒன்பது. இரண்டாம் நம்பர் ஆறு. நாலும் ஐந்தும் சேர்ந்து ஏழு. கோலி தவறாக உதைத்தது ஐந்து.

இரண்டு கோலும் இடது பக்கமாக வந்தன. காரணம் பதினோராம் நம்பர். அவன் முன்னால் போனால் திரும்பி வருவதில்லை. உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் இடது பேக் தனியாக என்ன செய்வான்? கில்பர்ட் மாஸ்டருக்கு இது தெரியவில்லையா?

ஆண்கள் பக்கத்திலிருந்து, ‘லேய் ததேயு, உறங்குதியாலே? பின்னால ஆளு நிக்கியான்!’ என்று கத்தினார்கள். கத்துவது சுலபம்.

ஜூலை 11

பிளாரன்ஸ் சித்தி வந்து அம்மாவிடம் சொன்னது: ‘பென்சிகருக்குத் தொண்டை கட்டிப்போச்சாம் அக்கா. அவன் அம்மை உப்புத் தண்ணி காய்ச்சிக் குடுக்கா. களியில கத்திக் கத்தி இந்தக் கோலமாக்கும்.’ களி என்றால் எங்களுக்கு ஆட்டம்.

பென்சிகர் கத்துவதில்லை என்று முதல் ஆட்டத்தன்று எழுதினேன். அப்படியானால் யாருக்குக் கேட்கவில்லை?

டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

ஜூலை 16, ஞாயிறு

முள்ளுத்துறையை 3–2 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனோம். எல்லோரும் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு வெடிக்கத் தோன்றவில்லை. வாங்கிய இரண்டு கோலும் இடது பக்கம். முதல் கோலுக்குப் பதினோராம் நம்பர் ஓடி வந்து பக்கத்திலேயே நின்றான். என் காரணம் செல்லுபடியாகவில்லை.

இரண்டாவது கோலில் பென்சிகர் ‘விடு! விடு!’ என்று கத்திக்கொண்டே வெளியே வந்தான். பெண்கள் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. அண்ணன் விடவில்லை. இருவரும் மோதிக்கொண்டார்கள். பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது.

காலையில் பூசையில் அண்ணன் ஆண்கள் பக்கத்தில் வலது கோடித் தூணை ஒட்டி இருந்தான். போன வாரமும் அங்கேதான் இருந்தான்.

ஜூலை 19

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கையில் என் நோட்டு.

அவன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துச் சிரித்தான். ‘ரோமால்ட் அண்ணன் பதினாலா? எனக்கு இருவதுன்னுல்லா தோணிச்சு.’

பிறகு சிரிப்பு நின்றது. ‘மூணாம் நம்பர் எங்க?’

அது அவன் நம்பர்.

‘மூணு களிக்கும் எழுதியிருக்க. ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. மூணு இல்ல. கணக்குப் படிச்சவ, ஒரு ஆள விட்டுட்டுக் கூட்டினா விடை வருமா?’

‘நீ எங்கிட்ட கோவமா இருக்கேன்னு…’ என்றேன். அவன் தலையை முழுவதும் திருப்பி என் உதட்டைப் பார்த்தான். நான் அவனுக்கு வலப்பக்கம் இருந்தேன். பேச்சை நிறுத்தி எழுந்து இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். எதற்கு எழுந்தேன் என்று அவனும் கேட்கவில்லை.

‘எத்தன நாளா?’

‘ஒரு வருசம் இருக்கும். வலது பக்கந்தான் எஞ்சின் இருக்கும். மொதல்ல ஒரு இரைச்சல். பெறவு அந்த இரைச்சல் மட்டுந்தான். வேற ஒண்ணும் வராது.’

இரண்டு வாரமாக அவன் என்னிடம் கோபப்படவே இல்லை. அவனுக்கு நான் பேசியது கேட்கவில்லை.

‘ஆருக்கும் தெரியாண்டாம் கேட்டியா’ என்றான். ‘எஞ்சினுக்கு ஒரு கேடு வந்தா அது சத்தத்துலதான் மொதல்ல தெரியும். காது போன டிரைவர எந்த மொதலாளி வைப்பான்? நான் இடது காதையும் உள்ளங்கையையும் வச்சுச் சமாளிக்கேன். குருசடிமை மொதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேற ஆளு.’

நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். ஆகஸ்டில் பார்க்கலாம் என்றான். ஆகஸ்டில் அவன் கடலில் இருப்பான்.

ஜூலை 20

படம் வரைந்து பார்த்தேன். இடது பேக் முன்னால் பார்த்து நிற்கும்போது கோலியும் மற்ற பேக்குகளும் அவனுக்கு வலப்பக்கம். கேட்காத பக்கம். இடப்பக்கம் வெளிக்கோடு, அதற்கப்பால் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

வலது பேக்காக மாற்றினால் எல்லாக் குரலும் நல்ல காதுக்கு வரும். அண்ணனிடம் சொன்னேன். ‘வலது பேக் கோயில் தெருக்காரன். அவன மாத்தணும்னா கூட்டம் கூட்டணும். கூட்டத்துல காரணம் கேப்பினும். என்ன சொல்லட்டும்?’

பிறகு விளையாட்டாகச் சொன்னான்: ‘கோட்டுக்கு வெளிய நின்னு ஒருத்தி பாத்துச் சொன்னா கேக்கும்.’

ஜூலை 23, ஞாயிறு

அரையிறுதி. ஜெயித்தோம், 3–2. என்னைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மைதானத்தில் கோயில் பக்கம் பெண்கள், கடல் பக்கம் ஆண்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. நான் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான். முதல் பாதியில் அண்ணனின் வெளிக்கோடு கோயில் பக்கமாக அமைந்தது. என் காலடியிலிருந்து பத்தடியில் அவன் நின்றான்.

பாறையடியின் ஏழாம் நம்பர் அவனுக்குப் பின்னால் நழுவுவதைப் பார்த்தேன். சென்டர் பேக் ‘ஆளு! ஆளு!’ என்று கத்தினான். அது அண்ணனுக்குப் போய்ச் சேராது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன். சித்தி இருந்தாள், மரிய நகர்ப் பெண்கள் இருந்தார்கள், என்னோடு படித்த இரண்டு பேர் இருந்தார்கள். வாய் திறந்தபடியே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

கோல்.

அண்ணன் எழுந்து சேற்றைத் துடைத்தான். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை.

ஜூலை 25

கோயில் வளாகத்தில் கூட்டம். சித்தப்பா போனார். சித்தி மூலம் வந்த செய்தி:

மூன்றாம் நம்பரை மாற்ற வேண்டும் என்று பலரும் சொன்னார்களாம். வாங்கிய ஒன்பது கோலில் எட்டு இடது பக்கம். (எட்டுதான். நான் எழுதாமல் விட்டதை ஊரே எழுதி வைத்திருக்கிறது.) அண்ணனும் கடற்கரைத் தெரு, பதிலுக்குச் சொல்லப்படும் ஜெரினும் கடற்கரைத் தெரு. தெருக் கணக்கு குறையாது. ரோமால்ட் அண்ணனை எடுக்க முடியாத ஊருக்கு என் அண்ணனை எடுப்பது எளிது.

கில்பர்ட் மாஸ்டர், ‘ஃபைனல்ல முதல் பாதி அவன் ஆடட்டும். இடது பக்கம் ஒரு கோல் வந்தா இடைவேளையில ஜெரின் எறங்குவான்’ என்று முடித்தாராம்.

அண்ணன் கேட்டுவிட்டு, ‘மாஸ்டர் நல்ல மனுசன்’ என்றான். சாப்பிட்டுவிட்டு பூட்ஸைக் கழுவினான். கழுவி முடித்த பூட்ஸை இன்னொரு முறை கழுவினான். வருடத்தில் பத்து மாதம் அவன் மேலே வந்து வெயிலைப் பார்ப்பதே சோறு தின்னத்தான். மிச்சம் இருப்பது இந்த விளையாட்டு. அதையும் ஊர் பார்க்க, பாதியில் கழற்றி வாங்கினால் அடுத்த வருடம் அவன் காலில் பூட்ஸ் ஏறாது.

‘நாளைக்குக் கடற்கரைக்கு வா’ என்றேன். ‘எனக்குக் கத்தப் படிக்கணும்.’

ஜூலை 27

இரண்டு நாளாக ஆடிக் கடல் முன்னால் பயிற்சி. அலைச் சத்தத்தில் நான் என்ன கத்தினாலும் ஊருக்குக் கேட்காது. அண்ணன் நாற்பதடி தள்ளி, இடது காது என் பக்கம் இருக்கும்படி நிற்கிறான். மூன்றே சொல். பின்னால் ஆள் வந்தால் ‘ஆளு’. கோலி வெளியே வந்தால் ‘விடு’. முன்னால் போகலாம் என்றால் ‘ஏறு’.

முதல் நாள் அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான், கேட்கவில்லை என்று. ‘ஜெபம் சொல்லுதியா? கத்து பிள்ள!’

இன்று ‘ஆளு!’ என்று ஒன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. படகு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அண்ணன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சித்தி அந்த வழியாக வந்தவள், ‘என்னட்டி, கடற்கரையில வச்சு அண்ணனுக்க கூட சண்டையா?’ என்றாள்.

‘ஆமா சித்தி’ என்றேன்.

‘நல்லாக் குடு’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 30, ஞாயிறு

இறுதிப் போட்டி. எதிரே வடலித்துறை.

முதல் பாதியில் அண்ணனின் கோடு கோயில் பக்கம். நான் குடையை மடக்கிச் சித்தியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை ஒட்டி நின்றேன். நோட்டு எடுத்துப் போகவில்லை.

மூன்றாவது நிமிடம் அவர்களின் ஏழாம் நம்பர் அண்ணன் பின்னால் நழுவினான். ‘ஆளு!’ என்றேன். அண்ணன் திரும்பி, பந்தை வெளியே தட்டிவிட்டான். பெண்கள் எல்லோரும் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். முகம் எரிந்தது. அடுத்தது வந்தது. ‘விடு!’ விட்டான். பென்சிகர் ஓடிவந்து பந்தை அணைத்துக்கொண்டு, பேய் பார்த்தவன் மாதிரி அண்ணனைப் பார்த்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. மாஸ்டர் வழக்கம்போல எல்லோரையும் நடுக்கோட்டுக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் என் அண்ணனை மட்டும் ஐந்தடி இறக்கி நிறுத்தினேன். அதற்கு எங்களிடம் சொல் இல்லை. கையைக் காட்டினேன், புரிந்துகொண்டான்.

இடைவேளை, 0–0. ஜெரின் சூடேற்றிக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும். அண்ணனின் கோடு கடல் பக்கம். ஆண்கள் பக்கம். மூன்று நாள் கடலைப் பார்த்துக் கத்தியவளுக்கு இந்தச் சின்னக் கணக்கு தோன்றவில்லை. அங்கே முதல் வரிசையில் கறுப்புக் குடையோடு குருசடிமை முதலாளி உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் அந்தப் பக்கம் போய் நின்றான். முதலாளியைப் பார்த்தான். பிறகு திரும்பி, இத்தனை தூரம் தாண்டி, என்னைப் பார்த்துக் கையை அசைத்தான். வா.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நான் அங்கே போய்க் கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அவனுக்கும் அது தெரியும்.

மறுபடி அசைத்தான்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். ‘எங்க பிள்ள போற? அது ஆம்பிளைங்க பக்கம்!’ சித்தியின் குரல். சுற்றிப் போயிருக்கலாம். நேரம் இல்லை, மைதானத்தின் குறுக்கே நடந்தேன். நடுவட்டத்தில் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் அங்கேயே கழற்றிவிட்டேன். சிலர் விசிலடித்தார்கள்.

‘என்ன மக்களே, இங்ஙன?’ என்றார் முதலாளி.

அண்ணன் கோட்டருகே வந்தான்.

‘எனக்கு வலது காது கேக்காது மொதலாளி. ஒரு வருசமாச்சு. இவ பாத்துச் சொல்லுவா.’

தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னான். பென்சிகர் கோலிலிருந்து பார்த்தான். மாஸ்டர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். பின்னால் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரிக்க, இன்னொருவன், ‘வாய மூடுலே’ என்றான்.

ரெஃபரி விசில் ஊதினார். முதலாளி எழுந்து தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார், நான் ஓடுவதற்கு.

ஓடினேன். அண்ணன் ஏறினால் ஏறினேன், இறங்கினால் இறங்கினேன். இடது பக்கம் வழியாக ஒரு பந்தும் உள்ளே போகவில்லை.

எண்பத்தோராம் நிமிடம் ரோமால்ட் அண்ணன் நடுவட்டத்தில் பந்தை வைத்து யோசித்தார். பிடுங்கிக்கொண்டு வலது பக்கமாகப் போனார்கள். எல்லோரும் நடுக்கோட்டில். திரும்பி ஓட ஒருவராலும் முடியவில்லை. 0–1.

தோற்றுவிட்டோம்.

ஜூலை 31

குரல் அறவே இல்லை. அம்மாவிடம் சைகையில் பேசுகிறேன்.

மாலை குருசடிமை முதலாளி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அண்ணனுக்கு இடப்பக்கம் பார்த்து வந்து நின்றார்.

‘எஞ்சினுக்கு வேற ஆளு சொல்லியாச்சு ததேயு. கோவிச்சுக்காத. நடுக்கடல்ல பதினஞ்சு பேருக்க உயிராக்கும். நீ மொதல்ல காதக் காட்டு. காட்டிட்டு வா, டெக்குல எடம் உண்டு.’

‘சரி மொதலாளி.’

அவர் போனதும் அம்மா அழுதாள். ‘நீ அங்ஙன போய் நின்னதாலதானே?’ என்று என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் சொல்லக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? ஆமாம் என்றுதான்.

‘அவள ஏன் சொல்லுத?’ என்றான் அண்ணன். ‘நான்லா விளிச்சேன்.’

ஆகஸ்ட் 1

விடியற்காலையில் போட்டுகள் போய்விட்டன. ஊர் பெண்கள் ஊர் ஆகிவிட்டது. நானும் அண்ணனும் ஒன்பது மணி பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். வலது வரிசையில் அவனுக்கு ஜன்னல், எனக்கு ஓரம்.

கடற்கரை கண்ணிலிருந்து மறையும் வரை அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். டெக்கில் போவானா, கரையில் வேறு வேலை பார்ப்பானா, டாக்டர் என்ன சொல்வார், நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகத் திரும்பினான்.

‘அந்தக் கோலு யார்மேல?’

‘மாஸ்டர்மேல’ என்றேன். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. ‘கடைசிப் பத்து நிமிசம் பேக்க எறக்கணுமா வேண்டாமா? சேத்துல எவன் திரும்பி ஓடுவான்?’

‘ஏறி நின்னதாலதான் நடுவுல நமக்குப் பந்து கிட்டிச்சு.’

‘கிட்டி? கிட்டின பந்த என்ன செஞ்சோம்?’

காது கேட்காதவன் தன் சத்தத்தை அறியமாட்டான். அவன் முழுத் தொண்டையில் பேசினான். அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் பேசினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, ‘ஆலந்துறையா? நீங்க நடுவ மாத்தாம ஒண்ணும் நடக்காது’ என்றார்.

‘அதத்தான் நானும் சொல்லுதேன்!’ என்றேன். ‘ரோமால்ட் அண்ணன எடுக்கணும். அவரு ஆடுற வர நாம ஜெயிக்க மாட்டோம்!’

சொல்லி முடித்த பிறகுதான் முன்னால் இரண்டு சீட் தள்ளி ஒரு தலை திரும்பியது. ரோமால்ட் அண்ணனின் மனைவி. மடியில் காய்கறிப் பை. பஸ்ஸில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னை. ஒரு மாதம் முன்பு என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பேன்.

‘நான் மூணு வருசமாச் சொல்லுதேன்’ என்றாள் அவள். ‘முட்டு ரெண்டும் போச்சு. ராவெல்லாம் எண்ணெ போட்டுத் தடவுறது நானாக்கும். நடுத்தெருவுல ஒருத்தன் வந்து அவரு ஆடாண்டாம்னு சொல்லட்டும், நான் அந்தப் பூட்ஸ அடுப்புல வச்சிருவேன்.’

பஸ் சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்கவில்லை. ‘என்ன? அக்கா என்ன சொன்னா?’ என்று என் தோளைத் தட்டினான்.

அவன் காதருகே குனிந்திருக்கலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசி சீட்டு வரை கேட்கும்படி மறுபடி சொன்னேன்.